திரும்பி வரும் பழுது

நமது சங்க அன்பர்களில் பலர் என்னை 'பச்சைக் கார் மாமா' என்ற பெயரில்தான் அறிவார்கள். பொங்கல் விழாவுக்கோ ஆண்டு விழாவுக்கோ நான் அந்தக் காரில் வந்தால் குழந்தைகள் ஓடி வந்து சூழ்ந்து கொள்வார்கள். பெரியவர்கள் சற்றுத் தள்ளி நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இன்னுமா சார் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? எத்தனை தடவை ரிப்பேர் பார்த்தாலும் மறுபடி நிற்கிற வண்டியாயிற்றே!"

அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இது காரைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் கார் இல்லாதவர்களும் படிக்கலாம். வீட்டில் மிக்ஸியோ மின்விசிறியோ இருந்தாலே போதும்.

என்னுடைய வண்டி 1968-ஆம் ஆண்டின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மூன்றாம் மாடல். இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். 1296 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான சிறிய ஸ்போர்ட்ஸ் கார் இது. தூதரகத்தில் இருந்த ஒருவர் கொண்டு வந்து, ஊர் திரும்பும்போது அரசு வாணிபக் கழகத்தின் டெண்டர் வழியாக விற்றது. அதை வாங்கிய எங்கள் பக்கத்துக் குடியிருப்பு அதிகாரி ஓய்வு பெற்றபோது, 1991-இல், என்னிடம் தள்ளிவிட்டார். ஒரு புது ஸ்கூட்டரின் விலையைவிடச் சற்றுத்தான் கூடுதல். அந்த விலைக்கு என்ன அர்த்தம் என்பது பின்னால்தான் புரிந்தது.

இந்தக் காரின் மீது எனக்கு ஆசை வந்ததற்குச் சென்னைதான் காரணம். ஸ்பிட்ஃபயர் தனியாகப் பிறந்ததல்ல. ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் அடித்தளத்தைக் குறுக்கி அமைத்தது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலொட்டி. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று தயாரித்தது. என் சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். பானட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் இரு பக்கத்து மட்கார்டும் சேர்ந்து எழுந்து வரும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். ஸ்பிட்ஃபயரின் பானட்டும் அப்படியேதான் எழும். நான் அதைத் திறந்து பார்த்த அன்றே விலை பேசி முடித்துவிட்டேன்.

இனி பழுதுகளுக்கு வருகிறேன்.

வாங்கிய சில மாதங்களில் ஸ்டியரிங் கனக்கத் தொடங்கியது. மெக்கானிக்கிடம் போனேன். முன் சக்கரத்தின் அடியில் இருந்த நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தார். லேசாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி கனத்தது; மறுபடி கிரீஸ். இப்படியே ஐந்து ஆண்டுகள் ஓடின. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக் கொண்டேன். இந்த ஒரு வாக்கியத்தைப் போல் ஆபத்தான வாக்கியம் வேறு கிடையாது என்பது என் அனுபவம்.

1996, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது வயது மகளை உட்கார வைத்து ரிங் ரோட்டில் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வீடு திரும்பினேன். குடியிருப்பு வாசலுக்குள் நுழைந்து, நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியின் இடது மூலை தரையில் உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. நடை வேகத்தில் இருந்ததால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. "சக்கரம் படுத்துடுச்சுப்பா" என்று மகள் சிரித்தாள். எனக்குக் கால் நடுங்கியது. பத்து நிமிடங்களுக்கு முன்னால், லாரிகளுக்கு நடுவில் அது நடந்திருந்தால்?

கரோல்பாக் சந்து ஒன்றில் ஒரு வயதான மிஸ்திரி இருந்தார். எல்லோரும் உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் போட்டோம். உடைந்த துண்டைக் கையில் எடுத்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "பாபுஜி, இதற்கு என்ன ஊற்றினீர்கள்?"

"கிரீஸ். தவறாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தேன்."

"தவறாமல் அடித்தீர்கள். அதுதான் தவறு."

விஷயம் இதுதான். இந்தக் காரில் முன் சக்கரத்தைத் தாங்குவது ஓர் இரும்புத் தண்டு. அதன் அடிப்பாகத்தில் திருகு மரை வெட்டியிருக்கும். அது வெண்கல வகை உலோகக் கட்டை ஒன்றுக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. கட்டைக்கு 'ட்ரனியன்' என்று பெயர். அதற்குள் கியர் பெட்டிக்கு ஊற்றுவது போன்ற கனமான எண்ணெய் போக வேண்டும். எண்ணெய்தான் மரையின் இடுக்கெல்லாம் ஊறி ஏறும். கிரீஸ் ஏறாது, ஓரிடத்தில் நின்று இறுகிவிடும். மழைத் தண்ணீர் உள்ளே புகும். மரையில் துரு பிடிக்கும். துரு அரித்த இடத்தில் தண்டு மெல்ல மெல்லக் கீறல் விட்டு, ஒரு நாள் ஒடிந்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது சுமை அதிகம் என்பதால் பெரும்பாலும் மெதுவாகப் போகும்போதே ஒடியும். அது என் குழந்தையின் அதிர்ஷ்டம்.

வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தில் இது தெளிவாகவே எழுதியிருந்தது. எண்ணெய் என்று போட்டிருந்தது. அந்தப் புத்தகம் ஐந்து ஆண்டுகளாக என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது! தயாரித்தவர்கள் மீது குற்றமில்லை. மெக்கானிக் மீதும் முழுக் குற்றமில்லை. நிப்பிளைப் பார்த்தால் கை தானாகக் கிரீஸ் கன்னைத்தான் தேடும். புத்தகத்தைத் திறக்காதவன் நான்.

தில்லியில் அந்தப் பாகம் கிடைக்கவில்லை. காஷ்மீரி கேட் கடைகளிலும் மாயாபுரி பழைய இரும்பிலும் தேடி ஓய்ந்த பிறகு, உஸ்தாத்தான் "உங்கள் மதராஸ் ஹெரால்டில் இதேதான் இருக்கும்" என்றார். சித்தப்பாவுக்கு எஸ்.டி.டி. போட்டேன். புதுப்பேட்டையில் அலைந்து இரண்டு ஜோடி வாங்கி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்த உறவினரிடம் கொடுத்தனுப்பினார். தினசரித் தாளில் சுற்றி, மஞ்சள் பைக்குள் வந்தன. பிரித்துப் பார்த்தால் இரண்டும் வலது பக்கத்துக்கானவை! வலது பக்கத் தண்டுக்கு வலது மரை, இடது பக்கத்துக்கு இடது மரை. சித்தப்பாவிடம் சொல்ல மறந்தது மறுபடி நான்தான். சரியான ஜோடி வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் அந்தப் பழுது திரும்பி வரவே இல்லை. வேளாவேளைக்கு எண்ணெய், அவ்வளவுதான்.

உஸ்தாத் அன்று எனக்கு ஒரு பாடம் சொன்னார். அதைத்தான் இந்தக் கட்டுரையின் சாரமாக வைக்கிறேன். ஒரே பழுது மூன்றாவது முறை வந்தால், நாம் அதை ஒரு முறைகூடப் பழுது பார்க்கவில்லை என்று பொருள்.

அன்று முதல் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். என்ன தேதி, வெயிலா மழையா, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, ஓடும்போதா நிற்கும்போதா, எப்படிச் சரியாயிற்று. இதை எழுதப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அந்த நோட்டுதான் இரண்டாவது பழுதைக் கண்டுபிடித்தது.

கோடையில் சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். எத்தனை முறை முடுக்கினாலும் கிளம்பாது. இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இதற்காக மூன்று காயில், இரண்டு பெட்ரோல் பம்ப், ஒரு கண்டென்சர் மாற்றியிருந்தேன். ஒவ்வொன்றையும் மாற்றியதும் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் பாகத்தை மாற்றிய நேரத்தில் எஞ்சின் ஆறியிருக்கும்!

நோட்டைப் புரட்டினால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மட்டும், அதுவும் ஓடும்போது அல்லாமல் நிற்கும்போது மட்டும். அப்படியானால் மின்சாரத்தின் குற்றமல்ல, சூட்டின் குற்றம். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து இருக்கின்றன. வண்டி ஓடும்போது காற்று வீசி ஆற்றுகிறது. நின்றதும் சூடு ஏறி, பெட்ரோல் ஆவியாகி, எஞ்சினுக்குத் திரவமாகப் போய்ச் சேருவதில்லை. அம்பாசடரும் ஃபியட்டும் ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பார்களே, அதே நோய்தான்.

என் வண்டியில் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. ரேடியேட்டரின் இரு பக்கமும் காற்றைத் திருப்பிவிடும் அட்டைகளும் இல்லை. யாரோ வேலைக்கு இடைஞ்சல் என்று எடுத்து வீசியிருப்பார்கள். தகர வேலைக்காரர் ஒருவரிடம் தகடு வெட்டி வாங்கினேன். அட்டைக்கு, பழைய ஃபைல் அட்டைகளை இரட்டிப்பாக ஒட்டி வார்னிஷ் அடித்தேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்ததற்கு அது ஒரு பயன். மூன்று காயிலின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மூன்றாவது பழுதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பாதி நிலா வடிவில் இரண்டு மெல்லிய வாஷர்கள் உண்டு. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் சுமை அவற்றின் மேல் விழுகிறது. என் வண்டியில் அவை இரண்டு முறை தேய்ந்துபோயின. கவனிக்காமல் விட்டால் கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழும். அப்புறம் எஞ்சினே போய்விடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று பெல்ட் சக்கரம் அசைகிறதா என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

இரண்டாவது முறை மாற்றும்போது உஸ்தாத் என் வண்டியில் ஏறி, "ஒரு ரவுண்டு போகலாம்" என்றார். முதல் சிக்னலிலேயே என் இடது காலைச் சுட்டிக் காட்டினார். சிக்னல் விழும்வரை கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பது என் பழக்கம். "பாபுஜி, வாஷரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றித் தருகிறேன். காலை யார் மாற்றுவது?" என்றார். அன்றிலிருந்து நியூட்ரலில் நிறுத்துகிறேன்.

ஆக, மூன்று பழுதுகளில் ஒன்று புத்தகம் படிக்காததால் வந்தது. ஒன்று யாரோ கழற்றி எறிந்ததால் வந்தது. ஒன்று என் காலால் வந்தது. வண்டி பழசானதால் வந்தது ஒன்றுகூட இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தலைநகர்ப் பகுதியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடக் கூடாது என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் வழக்கு பல திருப்பங்களைக் கண்டிருக்கிறது. 2021-இல் மத்திய அரசு வேறொரு விதி கொண்டு வந்தது. ஐம்பது ஆண்டு கடந்து, பெரிதாக மாற்றப்படாமல், மூல வடிவில் இருக்கும் வண்டிகள் 'விண்டேஜ்' என்று பதிவு பெறலாம். புதிதாகப் பதிவு செய்தால் 'வி.ஏ.' என்ற வரிசை எண். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாமே தவிர, அன்றாடம் ஓட்டக் கூடாது.

இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. நவம்பர் மாதத்தில் தில்லிக் குழந்தைகள் இருமுவதைக் கேட்டவன் நான். என் வண்டியின் புகையைச் சுத்தம் செய்ய அதில் எந்தக் கருவியும் கிடையாது. அது தினமும் சாலையில் ஓட வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு கணக்கு எனக்குப் புரியவில்லை. பதினைந்தில் ஒதுக்கப்படும் வண்டி ஐம்பதில் மதிப்புப் பெறுகிறது. நடுவில் உள்ள முப்பத்தைந்து ஆண்டுகள் அதை யார் காப்பாற்றுவது? அதைவிட முக்கியமாக, அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கையை யார் காப்பாற்றுவது?

என் வண்டியே சாட்சி. ஓட்டலாமா கூடாதா என்ற தெளிவில்லாமல் 2015-இல் உறையைப் போட்டு மூடினேன். ஏழு ஆண்டுகள் கழித்து, பழைய எண்ணுடன் பதிவு பெற்று, 2022-இல் உறையை எடுத்தபோது பிரேக் இறுகியிருந்தது, பெட்ரோல் தொட்டிக்குள் கோந்து படிந்திருந்தது, ரப்பரெல்லாம் பொடிந்து உதிர்ந்தது. நிற்கிற வண்டியும் கெடும். உஸ்தாத்தைத் தேடிப் போனேன். 2017-இலேயே காலமாகிவிட்டார் என்றார்கள். அதே கடையில் அவர் மகன் சீட் கவரும் மொபைல் சார்ஜரும் விற்கிறார். "அப்பாவின் வேலையில் சோறு இல்லை சார்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? மூன்று காயிலுக்கு மறுபேச்சின்றிப் பணம் கொடுத்த நான், பழுதின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன அவருடைய அப்பாவிடம் கூலிக்குப் பேரம் பேசியவன்தானே! பாகத்துக்குப் பணம் கொடுக்கிறோம், யோசனைக்குக் கொடுப்பதில்லை. பிறகு யோசிக்கத் தெரிந்த மிஸ்திரி இல்லை என்று குறைப்படுகிறோம்.

வண்டியை எழுப்பியது யார் தெரியுமா? 1996-இல் சிரித்த அதே மகள்தான். பூனாவில் கணினி வேலையில் இருக்கிறாள். பத்து நாள் விடுப்பில் வந்தவள், என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முன் விளக்குகள் மங்கலாக எரிந்தன. நான் வழக்கம்போல் பல்பு வாங்கப் புறப்பட்டேன். "அப்பா, உட்காருங்கோ. ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல மங்கினா அது பல்பா இருக்குமா?" என்றாள். பானட் திறந்து மூடுவதில் அசைந்து அசைந்து எர்த் வயர் அறுந்திருந்தது. புது வயர் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. அவளுக்கு யாரும் கார் வேலை கற்றுத் தரவில்லை. காரணத்தைத் தேட வேண்டும் என்பது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிலர் சொல்வார்கள்: "இதெல்லாம் ஓய்வு பெற்றவர்களுக்குச் சரி. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், ரிப்பேர் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம்." பல நேரங்களில் அது உண்மைதான். ரிப்பேரே செய்ய முடியாதபடி ஒட்டி மூடி விற்பதும் உண்மை. 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, தனித் தளமும் தொடங்கியது. வாகனம், கைப்பேசி, வீட்டுச் சாதனம், விவசாயக் கருவி எல்லாம் அதில் அடக்கம். நல்ல முயற்சி. ஆனால் உரிமையைச் சட்டம் கொடுத்தாலும் பழக்கத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒன்று கெட்டால் குழந்தை முதலில் கேட்கும் கேள்வி 'ஏன் கெட்டது?' என்பதா, 'எப்போது புதிது வரும்?' என்பதா? அது நம் வீட்டில்தான் முடிவாகிறது. மிக்ஸியின் மோட்டார் இரண்டாவது முறை எரிந்தால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன், நாம் அதில் எவ்வளவு மாவை எவ்வளவு நேரம் அரைக்கிறோம் என்று ஒரு முறை பார்க்கலாமே.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரங்கில் இரண்டு மேசை போடுவோம். ரயில்வேயிலும் தொலைபேசித் துறையிலும் தொழிற்சாலைகளிலும் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்! கெட்டுப் போன மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, சைக்கிள், தையல் மிஷின் எதையும் கொண்டு வரலாம். பிள்ளைகள்தான் கழற்ற வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் போதும். தமிழ் வகுப்புக்கு வரத் தயங்கும் பிள்ளைகூட இதற்கு வரும். திருகு, மரை, தகடு, துரு என்று நாலு தமிழ்ச் சொல்லும் கூடவே கற்றுக்கொள்ளும். அக்கம் பக்கத்து மிஸ்திரி ஒருவரை மாதாமாதம் அழைத்து, உரிய சம்பளம் கொடுத்துச் சொல்லித் தரச் சொல்வோம். அந்தச் செலவில் என் பங்கை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு என் நாற்பது பக்க நோட்டையும் கிரீஸ் கன்னையும் கொண்டு வருகிறேன். கிரீஸ் கன்னை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதிலிருந்து தொடங்கலாம். அன்பர்கள் தங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதும்படி வேண்டுகிறேன்.